எஸ்கியூலைட்டில் தசம எண்களைப் பிசகாமல் சேமிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

புதிய அட்டவணை ஒன்றை உருவாக்குகிறீர்கள். விலைக்கான நெடுவரிசைக்கு டெசிமல்(10,2) என்று வகை கொடுக்கிறீர்கள். எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறிய தரவுத்தளம் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. பெரிய தரவுத்தளங்களில் பழகியவர்கள், இனி புள்ளிக்குப் பின் சரியாக இரண்டு இலக்கங்கள் காக்கப்படும் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் எஸ்கியூலைட்டில் டெசிமல் என்ற வகையே கிடையாது. அடைப்புக்குறிக்குள் எழுதிய 10, 2 ஆகியவற்றை அது பொருட்படுத்துவதும் இல்லை. அந்த நெடுவரிசையில் 3.14159 போகும், "தெரியாது" என்ற சொல்லும் போகும்.

இலக்கங்களைக் காக்கும் பொறுப்பு எஸ்கியூலைட்டினுடையது அல்ல, உங்களுடையது. இதை அட்டவணை வடிவமைக்கும் நாளிலேயே ஏற்றுக்கொண்டால் வேலை எளிது. கணக்கு உதைத்த பிறகு ஏற்றுக்கொண்டால், பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியிருக்கும்.

உள்ளே உண்மையில் நடப்பது

எஸ்கியூலைட் ஒரு மதிப்பை ஐந்து வடிவங்களில் ஒன்றாகத்தான் சேமிக்கிறது: நல் (வெற்று மதிப்பு), இன்டீஜர், ரியல், டெக்ஸ்ட் (உரை), பிளாப் (மாற்றாமல் வைக்கும் பைட்டுகள்). இன்டீஜர் என்பது குறியுடன் கூடிய 64 பிட் முழு எண். ரியல் என்பது ஐஇஇஇ 754 தரப்படி 8 பைட்டில் அமைந்த மிதவைப் புள்ளி எண். இவற்றுக்கு நடுவில் தசமத்துக்கென்று தனி இடம் இல்லை.

நீங்கள் எழுதும் வகைப்பெயரை எஸ்கியூலைட் ஒரு சார்புநிலைக் குறிப்பாக, அதாவது எந்த வடிவத்தை விரும்ப வேண்டும் என்ற குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பெயருக்குள் 'இன்ட்' என்ற எழுத்துகள் இருந்தால் முழு எண் சார்பு. 'சார்', 'கிளாப்', 'டெக்ஸ்ட்' இருந்தால் உரைச் சார்பு. 'பிளாப்' இருந்தாலோ வகையே எழுதாமல் விட்டாலோ பிளாப் சார்பு. 'ரியல்', 'ஃபுளோ', 'டப்' இருந்தால் ரியல் சார்பு. எதிலும் சேராதது நியூமரிக் சார்பு. டெசிமல் விழுவது இந்தக் கடைசிக் கூடையில். 'ஃபுளோட்டிங் பாயின்ட்' என்று வகை கொடுத்தால் முழு எண் சார்பு கிடைக்கும், ஏனென்றால் 'பாயின்ட்' என்ற சொல்லுக்குள் 'இன்ட்' இருக்கிறது. 'ஸ்ட்ரிங்' என்று எழுதினால் உரைச் சார்பு கிடைக்காது, நியூமரிக்தான். வகைப்பெயரின் பொருளை எஸ்கியூலைட் பார்ப்பதில்லை, எழுத்துகளைத்தான் தேடுகிறது.

நியூமரிக் சார்பு என்ன செய்யும்? எண் போலத் தோன்றும் எதையும் இன்டீஜராகவோ ரியலாகவோ மாற்றிவிடும். 19.99 கொடுத்தால் ரியல். 20.00 கொடுத்தால் அதை முழு எண்ணாகவே வைக்க முடியும் என்பதால் இன்டீஜர். இப்போது அந்த நெடுவரிசையை 3 ஆல் வகுக்கும் வினவல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். 19.99 இருந்த பதிவுக்கு 6.663… வரும். 20.00 இருந்த பதிவுக்கு வெறும் 6 வரும். இரண்டு முழு எண்களை வகுக்கும்போது எஸ்கியூலைட் மீதியைக் கைவிடுகிறது. ஒரே நெடுவரிசை, ஒரே வினவல், ஆனால் இரண்டு விதக் கணக்கு! டெசிமல் என்று எழுதுவதால் வரும் கேடுகளில் மிகவும் கண்ணுக்குத் தெரியாதது இதுதான் என்பேன். சோதனைத் தரவில் 'நல்ல முழு எண்' எதுவும் இல்லாவிட்டால் இது பிடிபடவே படாது.

எண்ணை உரையாகக் கொடுத்தாலும் தப்ப முடியாது. '12345678901234567.89' என்ற சரத்தை டெசிமல் நெடுவரிசையில் இட்டால் அது ரியலாக மாறும். அவ்வளவு பெரிய எண்ணில் புள்ளிக்குப் பின்னுள்ளது எதுவும் மிஞ்சாது. ரியலில் நம்பிக்கையோடு கணக்கில் கொள்ளக்கூடியவை முதல் 15 இலக்கங்கள் மட்டுமே.

சிறிய எண்களிலும் சிக்கல் உண்டு. 0.1 என்பதை இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. ரியலில் உண்மையாக இருப்பது 0.1000000000000000055511151231257827021181583404541015625. 0.1 + 0.2 என்ற கூட்டலை 0.3 உடன் ஒப்பிட்டால் எஸ்கியூலைட் 0 என்று, அதாவது பொய் என்று விடை தரும். ஆனால் கூட்டலின் விடையை மட்டும் கேட்டால் பல பதிப்புகள் 0.3 என்றே திரையில் காட்டும், ஏனென்றால் காட்டும்போது 15 இலக்கங்களுக்குச் சுருக்கிவிடுகின்றன. எனவே திரையில் தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்யாதீர்கள்.

படி 1: உங்கள் எண்ணுக்கு எத்தனை தசம இடங்கள்?

எல்லாத் தசமங்களுக்கும் துல்லியச் சேமிப்பு தேவையில்லை. வெப்பமானி தரும் அளவு, புவியிடங்காட்டி தரும் அட்சரேகை, ஒரு வரைபடத்துக்கான புள்ளிகள் போன்றவை அளந்து பெற்றவை. அளக்கும் கருவியின் பிழையே ரியலின் பிழையைவிடப் பல மடங்கு பெரியது. அவற்றுக்கு ரியல் போதும், அதுவே சரியும்கூட.

மனிதர்கள் இலக்கம் இலக்கமாக எழுதி, அதே இலக்கங்கள் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் எண்கள் வேறு: பணம், வட்டி விகிதம், வரி விகிதம், மருந்தின் அளவு, தேர்வு மதிப்பெண், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எடை. இவற்றுக்குத் தசம இடங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.

பணம் என்றாலே இரண்டு இடங்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஐஎஸ்ஓ 4217 தரப்படி ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை. குவைத் தினாருக்கும் பஹ்ரைன் தினாருக்கும் மூன்று இடங்கள். பல நாணயங்களைக் கையாளும் செயலியில் தொகை, நாணயக் குறியீடு இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்; ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை இடங்கள் என்பதை ஒரு சிறிய அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம். விகிதங்களுக்கு நான்கு அல்லது ஆறு இடங்கள் பெரும்பாலும் போதும்.

பிறகு கொள்ளளவைப் பாருங்கள். 64 பிட் முழு எண்ணின் உச்சம் 9223372036854775807. இரண்டு தசம இடங்கள் வைத்தால் 92233720368547758.07 வரை போகலாம். ஆறு இடங்கள் வைத்தால் உச்சம் 9 லட்சம் கோடியைச் சற்றே தாண்டும். பிட்காயினின் மிகச் சிறிய அலகு 8 இடங்கள் என்பதால் மொத்த இருப்பும் இதற்குள் அடங்கிவிடும். ஈதரின் மிகச் சிறிய அலகுக்கு 18 இடங்கள் வேண்டும், அங்கே 9.22 ஈதரைத் தாண்டினாலே முழு எண் நிரம்பி வழியும்.

அடங்கினால் அடுத்த படிக்குப் போங்கள். அடங்காவிட்டாலோ, ஒவ்வொரு பதிவுக்கும் தசம இடங்களின் எண்ணிக்கை மாறினாலோ ஆறாவது படியில் சொல்லும் உரை வழிதான்.

படி 2: முழு எண் நெடுவரிசையை அமையுங்கள்

19.99 என்பதை 1999 என்று சேமிப்பதே என் பரிந்துரை. அதாவது மிகச் சிறிய அலகில் எண்ணி, புள்ளியைத் தரவுத்தளத்துக்கு வெளியே வைத்துக்கொள்வது. கூட்டல் பிசகாது, வரிசைப்படுத்தல் சரியாக வரும், தேடலை விரைவாக்கும் குறியீட்டகமும் (index) வேகமாக இயங்கும். இடமும் மிச்சம்: எஸ்கியூலைட் முழு எண்ணை அதன் பருமனுக்கேற்ப 8 பைட் வரை சேமிக்கிறது, 1999 போன்ற எண்ணுக்கு 2 பைட்டே போதும், ரியலாக வைத்த 19.99 எப்போதும் 8 பைட் எடுக்கும்.

நெடுவரிசைக்கு இன்டீஜர் என்று எழுதினால் மட்டும் காவல் கிடைத்துவிடாது. சாதாரண அட்டவணையில் இன்டீஜர் நெடுவரிசைக்குள் 19.99 தாராளமாக ரியலாக நுழையும். தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. 2021 நவம்பரில் வந்த 3.37.0 பதிப்பு முதல், அட்டவணை வரையறையின் முடிவில் 'ஸ்ட்ரிக்ட்' என்று சேர்க்கலாம். அதன் பின் இன்டீஜர் நெடுவரிசையில் 19.99 இட முயன்றால் பிழை எழும். ஸ்ட்ரிக்ட் அட்டவணை டெசிமல் என்ற வகைப்பெயரையே ஏற்காது என்பது கூடுதல் நன்மை. ஆனால் 3.37-க்கு முந்தைய எஸ்கியூலைட் இந்த அட்டவணை உள்ள கோப்பைப் படிக்காது. பழைய கைபேசிகளில் இயங்குதளத்தோடு வரும் பதிப்பையே நம்பியிருந்தால் இரண்டாவது வழிக்குப் போங்கள்: நெடுவரிசையில் 'செக்' நிபந்தனை சேர்த்து, மதிப்பின் வடிவத்தைச் சொல்லும் 'டைப்ஆஃப்' சார்பு (இங்கும் இனியும் சார்பு என்பது function) 'இன்டீஜர்' என்று சொன்னால் மட்டும் அனுமதியுங்கள்.

இரண்டு வழிகளிலும் ஓர் ஓட்டை மிஞ்சும். யாரோ ஒருவர் சிற்றலகுக்கு மாற்ற மறந்து 19.99 அனுப்பினால் பிழை எழும். மறந்து 20.00 அனுப்பினால்? அது பிசகின்றி முழு எண்ணாகக்கூடியது, ஆகவே 20 என்று உள்ளே போய்விடும். அதன் பொருள் 0.20! தரவுத்தளத்தால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. நெடுவரிசையின் பெயரிலேயே அலகைச் சொல்வதுதான் மருந்து. 'விலை' என்று பெயரிடாமல் 'விலை_நூற்றில்' என்றோ 'விகிதம்_பத்தாயிரத்தில்' என்றோ எழுதுங்கள். எஸ்கியூலைட் தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். பெயர் நீளமானாலும் பரவாயில்லை, நிரலைப் படிப்பவர் ஒவ்வொரு முறையும் அலகை நினைத்துக்கொள்வார்.

படி 3: உள்ளே வரும் வழியில் மிதவைப் புள்ளியை அண்டவிடாதீர்கள்

பயனர் தட்டச்சிடுவது உரை. அந்த உரையிலிருந்து நேராக முழு எண்ணுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு கணம் மிதவைப் புள்ளி எண்ணாக மாறினாலும் மேலே செய்த ஏற்பாடு வீண். 19.99-ஐ 100 ஆல் பெருக்கினால் மிதவைப் புள்ளிக் கணக்கில் 1998.9999999999998 வரும். அதைப் புள்ளியோடு வெட்டி முழு எண்ணாக்கினால் 1998. ஓர் அலகு காணாமல் போனது யாருக்கும் தெரியாது.

பைத்தானில் உரையை டெசிமல் பொருளாக மாற்றி, 100 ஆல் பெருக்கி, விடை முழு எண்தானா என்று சரிபார்த்து, பிறகு இன்ட் ஆக்குங்கள். டெசிமல் பொருளுக்கு 0.1 என்ற எண்ணைக் கொடுக்காமல் '0.1' என்ற சரத்தைக் கொடுக்க வேண்டும். எண்ணாகக் கொடுத்தால் மேலே கண்ட 55 இலக்க வால் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். சரிபார்ப்பைத் தவிர்க்க வேண்டாம். பயனர் 19.999 என்று தந்தால் ஓசையின்றி வெட்டுவதைவிட, 'இரண்டு தசம இடங்கள்தான் அனுமதி' என்று திருப்பி அனுப்புவது நேர்மையானது.

நிரல்கள் தரவைப் பரிமாறும் உரை வடிவமான ஜேசன் (JSON) வழியாக வரும் எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். பைத்தானின் ஜேசன் நூலகம் தசமங்களை இயல்பாக மிதவைப் புள்ளி எண்ணாகவே படிக்கும். 'பார்ஸ்_ஃபுளோட்' என்ற அளவுருவில் டெசிமலைக் கொடுத்தால் மாறும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்கள் அனைத்துமே மிதவைப் புள்ளி என்பதால், 9007199254740991-ஐத் தாண்டும் முழு எண்கள்கூட அங்கே பிசகும். அவற்றுக்கு பிக்இன்ட் வேண்டும். இரு தரப்பையும் நீங்களே எழுதுகிறீர்கள் என்றால், தொகையை மேற்கோள் குறிக்குள் சரமாகவே அனுப்புங்கள்.

படி 4: கணக்கிடுதல்

கூட்டலும் கழித்தலும் சிக்கலற்றவை. கூட்டுத்தொகை தரும் 'சம்' சார்புக்கு உள்ளீடுகள் யாவும் முழு எண்களாக இருந்தால் விடையும் முழு எண்ணே. 64 பிட்டைத் தாண்டினால் அது பிழை எழுப்பும். கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் அப்படியல்ல. தாண்டினால் ஓசையின்றி ரியலுக்கு மாறிவிடும். பெரிய தொகையைப் பெரிய விகிதத்தால் பெருக்கும் இடங்களில் இதை நினைவில் வையுங்கள். 'டோட்டல்' (மொத்தம்), 'ஏவிஜி' (சராசரி), 'ரவுண்ட்' (முழுமையாக்கல்) ஆகிய மூன்றும் எப்போதும் மிதவைப் புள்ளியையே தரும். சராசரி வேண்டுமென்றால் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே எடுத்து, வகுத்தலை நிரலில் செய்யுங்கள்.

விகிதப் பெருக்கலைப் பார்ப்போம். தொகை 19.99, விகிதம் 18.25 சதவீதம். தொகை 1999 என்றும், விகிதம் பத்தாயிரத்தில் 1825 என்றும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. பெருக்கினால் 3648175. இதை 10000 ஆல் வகுத்தால் 364.8175, அருகிலுள்ள முழு எண் 365. ஆனால் எஸ்கியூலைட் மீதியைக் கைவிட்டு 364 என்று தரும். ஆகவே வகுப்பதற்கு முன் வகுக்கும் எண்ணில் பாதியைக் கூட்ட வேண்டும்:

(1999 * 1825 + 5000) / 10000 = 365

இந்தச் சூத்திரம் பல வழிகாட்டிகளில் இதோடு நின்றுவிடுகிறது. திருப்பித் தரும் தொகைக்கு, அதாவது −1999-க்கு இதையே போட்டுப் பாருங்கள். −3648175 உடன் 5000 கூட்டினால் −3643175, வகுத்தால் −364. விற்றபோது 365, திருப்பியபோது 364. ஒவ்வொரு முறை திருப்பித் தரும்போதும் ஓர் அலகு தொங்கிக்கொண்டே இருக்கும். எதிர்மறைத் தொகைக்கு 5000-ஐக் கழிக்க வேண்டும். 'கேஸ்' கூற்றில் குறியைப் பார்த்துச் செய்யலாம். இத்தகைய கணக்கை நிரலில் ஒரே ஒரு சார்பில் எழுதி, எல்லா இடங்களிலும் அதையே அழைப்பதைத்தான் நான் விரும்புவேன்.

பாதியில் நிற்கும் மதிப்பை மேலே தள்ளுவதா, அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோவதா என்பது உங்கள் துறையின் விதியைப் பொறுத்தது. கணக்காளரிடமோ ஒப்பந்தத்திலோ கேட்டுத் தெளிந்து, அந்த விதியை நிரலில் குறிப்பாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு வரியையும் முழுமையாக்கி (அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்து) கூட்டுவதும், கூட்டிய பின் ஒருமுறை முழுமையாக்குவதும் வெவ்வேறு விடை தரக்கூடும் என்பதால், எது உங்கள் முறை என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பங்கிடுதல் தனி விஷயம். 100.00-ஐ மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3333, மீதி 1. அந்த ஒன்றை முதல் ஆளுக்குச் சேர்த்து 3334, 3333, 3333 என்று எழுதினால் மொத்தம் சரியாக 10000. மீதி எப்போதும் கண்முன் நிற்பது முழு எண்ணின் பெரிய வசதி.

படி 5: திரையில் காட்டுதல்

100 ஆல் வகுத்த ஈவை எழுதி, புள்ளி வைத்து, மீதியை இரண்டு இலக்கமாக எழுதினால் முடிந்தது என்று தோன்றும். −50 என்ற தொகையை அப்படிக் காட்டிப் பாருங்கள். −50 / 100 என்பது 0. மீதியோ −50, எனவே 0.-50 என்று திரையில் வரும்; மீதியின் குறியை நீக்கிவிட்டால் 0.50 ஆகிவிடும். கடன் வரவாகிவிட்டது! தொகை பூஜ்யத்துக்குக் கீழ் என்றால் குறியை முதலில் தனியே எழுதிவிட்டு, தனிமதிப்பை (குறி நீக்கிய மதிப்பை) வைத்து ஈவையும் மீதியையும் கணக்கிடுங்கள். மீதி 5 என்றால் '05' என்று வர வேண்டும் என்பதையும் சோதியுங்கள். இதை ஒரு 'வியூ' ஆக (பெயரிட்டுச் சேமித்த வினவலாக) எழுதி வைத்தால் அறிக்கை எழுதுபவர்களுக்கு உதவும். ஆனால் அந்த வியூவின் விடை உரை என்பதால் அதன்மேல் கணக்குப் போடக் கூடாது.

படி 6: முழு எண்ணுக்குள் அடங்காதபோது, உரை

டெக்ஸ்ட் நெடுவரிசை கொடுத்த இலக்கங்களை அப்படியே காக்கும், நீங்கள் வினவலோடு சரமாகப் பிணைத்து அனுப்பினால் மட்டும். 0.10 என்ற எண்ணாகப் பிணைத்தால் அது முதலில் ரியலாகி, பிறகு '0.1' என்ற உரையாக மாறும்.

பைத்தானில் டெசிமல் பொருளை எஸ்கியூலைட் நேரடியாக ஏற்காது. டெசிமலை உரையாக்கும் ஒரு தகவியையும், உரையை மீண்டும் டெசிமலாக்கும் ஒரு மாற்றியையும் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாற்றிக்கு 'டெசிமல்' என்று பெயரிட்டு, நெடுவரிசைக்கும் அதே வகைப்பெயர் கொடுத்தால் எல்லாம் அழகாக இயங்குவது போலத் தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு நியூமரிக் சார்பு என்பதால், நீங்கள் அனுப்பிய சரம் வட்டுக்குப் போகும் முன்பே ரியலாகிவிடும். திரும்பி வருவது டெசிமல் பொருள்தான், உள்ளிருக்கும் எண்ணோ ஏற்கெனவே கெட்டது. 'டெக்டெக்ஸ்ட்' என்பது போல, 'டெக்ஸ்ட்' என்ற எழுத்துகள் அடங்கிய பெயரைக் கொடுங்கள். உங்கள் நிரல் சட்டகம் (framework) தசமப் புலங்களை எப்படிச் சேமிக்கிறது என்பதையும் 'டைப்ஆஃப்' கொண்டு நேரில் பார்த்துவிடுங்கள். ஜாங்கோவின் தசமப் புலம் எஸ்கியூலைட்டில் டெசிமல் என்ற வகைப்பெயரோடுதான் அமைகிறது. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் இணைப்பு நூலகம் டெசிமலை உரையாகச் சேமிக்கிறது.

உரைக்கு உரிய விலையும் உண்டு. எழுத்து வரிசையில் '9.50' என்பது '10.25'-ஐவிடப் பெரியது. '1.5', '1.50' இரண்டும் வெவ்வேறு. தனித்தன்மை நிபந்தனை இரண்டையும் அனுமதிக்கும். ஆகவே எழுதும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'சம்' சார்பை இதன்மேல் ஓட்டினால் மீண்டும் மிதவைப் புள்ளிக்கே போய்ச் சேருவீர்கள்.

எஸ்கியூலைட்டின் மூல நிரலோடு ஒரு டெசிமல் நீட்சி (கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் நிரல்) வருகிறது. உரையில் உள்ள தசமங்களை எத்தனை இலக்கமானாலும் பிசகாமல் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் ஒப்பிடவும் மொத்தமாக்கவும் சார்புகள் தருகிறது. சரியாக வரிசைப்படுத்த ஒரு வரிசைமுறையும் தருகிறது. வகுத்தல் இல்லை. கட்டளைவரிக் கருவியில் இது உள்ளடங்கியே இருக்கிறது, ஆனால் நூலகத்தில் தானாக வராது, தனியே ஏற்ற வேண்டும். அதன் வரிசைமுறையை வைத்துக் குறியீட்டகம் அமைத்தால், நீட்சி இல்லாத வேறொரு நிரல் அந்த அட்டவணையில் எழுதும்போது திணறும்.

படி 7: ஏற்கெனவே ரியலாகக் கிடக்கும் தரவை மீட்பது

முதலில் நகல். 'வேக்யூம் இன்டு' கட்டளை, இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலிருந்தே சீரான நகல் ஒன்றைத் தனிக் கோப்பாக எழுதித் தரும்.

அடுத்து நெடுவரிசையை 'டைப்ஆஃப்' வாரியாகக் குழுவாக்கி எண்ணுங்கள். ரியல், இன்டீஜர் தவிர டெக்ஸ்ட் என்று ஏதாவது வந்தால், அந்தப் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். பிறகு, 100 ஆல் பெருக்கிய மதிப்புக்கும் அதன் முழுமையாக்கிய மதிப்புக்கும் இடையே 0.001-க்கு மேல் வேறுபாடு உள்ள பதிவுகளைத் தேடுங்கள். இவை மிதவைப் புள்ளியின் நுண்பிசகுகள் அல்ல. உண்மையிலேயே இரண்டு இடங்களுக்கு மேல் எழுதப்பட்டவை, அல்லது முந்தைய கணக்கு ஒன்றில் முழுமையாக்காமல் விடப்பட்டவை. இவற்றை என்ன செய்வது என்பதைத் தரவுக்குச் சொந்தக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும், மாற்றும் நிரல் அல்ல.

இவை தீர்ந்த பின் மாற்றம். எஸ்கியூலைட்டில் இருக்கும் நெடுவரிசையின் வகையை மாற்றவோ, இருக்கும் அட்டவணையை ஸ்ட்ரிக்ட் ஆக்கவோ முடியாது. அயல் திறவுகோல் (foreign key) சரிபார்ப்பை நிறுத்திவிட்டு ஒரு பரிவர்த்தனையை, அதாவது முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் மாற்றத் தொகுதியைத் தொடங்குங்கள். புதிய ஸ்ட்ரிக்ட் அட்டவணையை வேறு பெயரில் உருவாக்கி, பழையதிலிருந்து நகலெடுங்கள். நகலெடுக்கும்போது 100 ஆல் பெருக்கி, 'ரவுண்ட்' செய்து, அதன் பிறகே 'காஸ்ட்' மூலம் இன்டீஜராக்குங்கள். 'காஸ்ட்' மட்டும் போட்டால் 19.99 மீண்டும் 1998 ஆகிவிடும். பழைய அட்டவணையை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டி, குறியீட்டகங்களையும் தூண்டிகளையும் மறுபடி உருவாக்குங்கள். பரிவர்த்தனையை முடிக்கும் முன் பதிவுகளின் எண்ணிக்கையையும், புதிய மொத்தத்தையும் நகலிலிருந்து டெசிமல் நீட்சி கொண்டு கூட்டிய மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். நகலின் ஒவ்வொரு மதிப்பையும் இரண்டு இடங்களுக்கு எழுதிய உரையாக்கிவிட்டுத்தான் அந்த நீட்சிக்குக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஓர் அலகுகூட மாறாமல் பொருந்தினால் பரிவர்த்தனையை உறுதி செய்யுங்கள், இல்லையென்றால் பின்வாங்கி, பொருந்தாத பதிவைத் தேடுங்கள்.